அன்றாடமும் நித்தியமும்: பண்டைய இஸ்ரவேலரின் தாமித் பலி குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சமய ஒப்பாய்வில் சடங்கு என்னும் சொல் பெரும்பாலும் ஒரு தாழ்வுப் பொருளுடனேயே வழங்கி வருகின்றது. நாள்தோறும் ஒரே முறையில் நிகழ்த்தப்படும் வழிபாடு உயிரற்றது என்றும், உள்ளம் கனிந்து தானாக எழும் வழிபாடே உண்மையானது என்றும் கொள்ளும் போக்கினை மாணவர் ஆய்வேடுகளிலும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய விவிலிய ஆய்வில் வலுப்பெற்ற இக்கருத்து, பிற சமயங்களை ஆராய்வோரிடத்தும் பரவி, இன்று சான்று வேண்டாத உண்மைபோல் நிலைபெற்றுள்ளது. ஆகவே, அக்கருத்தின் தகுதியை ஆராய விரும்புவோர் அது வலுப்பெற்ற இடத்திற்கே செல்வது பொருத்தமாகும்.

எருசலேம் ஆலயத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் பலியிடப்பட்டன. எபிரேய மொழியில் இது 'தாமித்' எனப்பட்டது. திருநாள், நேர்ச்சை, குற்றம், நன்றி என எந்தத் தனிக் காரணமும் இன்றிச் செலுத்தப்பட்ட பலி இதுவாகும். இத்தகைய பலிக்கு என்ன பொருள்? இதுவரை கூறப்பட்டுள்ள முதன்மையான விளக்கங்களை மதிப்பிட்டு, தாமித்தின் பொருள் அதன் இடையறாத மீள்நிகழ்விலும் அதன் பொதுமையிலும் தங்கியுள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

தமிழ்வழி இப்பொருளை அணுகும் வாசகர் முதலில் சந்திப்பது சொற்சிக்கலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் பரவலாக வழங்கும் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு, எண்ணாகமம் 28ஆம் அதிகாரத்தில் இப்பலியை 'நித்திய சர்வாங்க தகனபலி' என்கின்றது. அதே மொழிபெயர்ப்பு, தானியேல் 8ஆம் அதிகாரத்தில் அதே எபிரேயச் சொல்லை 'அன்றாட பலி' என்கின்றது. ஒரே சொல் ஓரிடத்தில் நித்தியம் ஆகவும் பிறிதோரிடத்தில் அன்றாடம் ஆகவும் பெயர்க்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

நித்தியம் என்னும் வடசொல்லுக்கு முடிவற்றது என்பதும் நாள்தோறும் நிகழ்வது என்பதும் ஆகிய இரு பொருளும் உண்டு. கோயில் வழக்கில் 'நித்திய பூசை' என்று கூறும்பொழுது இரண்டாம் பொருளே கொள்ளப்படுகின்றது. ஆனால் அதே விவிலிய மொழிபெயர்ப்பில் 'நித்திய ஜீவன்' என்னும் தொடர் முதற்பொருளில் மிகுதியாகப் பயின்று வருவதால், வாசகர் செவியில் 'நித்திய பலி' என்பதும் முடிவில்லாத பலி என்றே ஒலிக்கக் கூடும். எபிரேய மூலத்தில் தாமித் என்பது இடைவெளியே இல்லாத தொடர்ச்சியைக் கட்டாயமாகக் குறிப்பதில்லை. மாலை தொடங்கி விடியும்வரை எரியும் விளக்கும் தாமித் எனப்படுகின்றது (யாத்திராகமம் 27:20-21). ஓய்வுநாள்தோறும், அதாவது வாரம் ஒருமுறை, மாற்றி அடுக்கப்படும் அப்பங்களும் அவ்வாறே குறிக்கப்படுகின்றன (லேவியராகமம் 24:8). எனவே, தவறாது மீண்டும் மீண்டும் நிகழ்வது என்பதே இச்சொல்லின் உட்பொருள் எனலாம்.

'சர்வாங்க தகனபலி' என்பதும் ஆய்வுக்குரியது. முழு உடலும் எரிக்கப்படுவதை இத்தொடர் முன்னிறுத்துகின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பின் போக்கும் இதுவே. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'எரிபலி' என்று சுருக்கியபோதும் அழுத்தம் எரித்தலின் மீதே உள்ளது. எபிரேயச் சொல்லாகிய 'ஓலா' என்பதோ மேலே எழுவது என்னும் பொருளுடையது. காணிக்கைகளின் பொதுப்பெயராகிய 'கொர்பான்' என்பதும் அருகில் வருதல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. அழித்தலைச் சுட்டும் சொற்களாக அன்றி, எழுதலையும் நெருங்குதலையும் சுட்டும் சொற்களாக இவை அமைந்துள்ளன.

பலி என்னும் தமிழ்ச் சொல்லும் காலப்போக்கில் பொருள் சுருங்கியுள்ளது. விபத்தில் இறந்தாரைப் பலியானார் என்று செய்தித்தாள்கள் எழுதும் இக்காலத்தில், இழப்பும் குருதியுமே அச்சொல்லால் நினைவுக்கு வருகின்றன. சங்க இலக்கியத்தில் அது படையல் என்னும் பரந்த பொருளில் வழங்கியது. குறுந்தொகை 210ஆம் பாடலில் காக்கைக்கு இடப்படும் நெய்ச்சோறும் பலியே. இப்பழம்பொருளை மனத்திற்கொண்டு அணுகினால் தாமித் பலியை விளங்கிக்கொள்வது எளிதாகும்.

விதியும் அதன் வரலாறும்

தாமித் பலிக்குரிய விதி யாத்திராகமம் 29:38-42, எண்ணாகமம் 28:1-8 ஆகிய பகுதிகளில் காணப்படுகின்றது. ஒரு வயதுடைய, பழுதற்ற இரண்டு ஆட்டுக்குட்டிகள் செலுத்தப்பட வேண்டும். ஒவ்வொன்றுடனும் எப்பா என்னும் அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவும், அதனுடன் பிசைய ஹின் என்னும் அளவில் கால் பங்கு இடித்துப் பிழிந்த எண்ணெயும், கால் பங்கு திராட்சை மதுவும் சேரும். மாவும் எண்ணெயும் மதுவும் ஆட்டிறைச்சியும் அந்நிலத்து மக்களின் உணவுப் பொருள்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஓர் இல்லத்தின் நல்ல உணவு எதனால் ஆனதோ அதனாலேயே இப்பலியும் ஆனது.

எண்ணாகமத்தின் 28, 29ஆம் அதிகாரங்கள் ஆண்டு முழுமைக்குமான பலிகளைப் பட்டியலிடுகின்றன. ஓய்வுநாள், மாதப்பிறப்பு, பஸ்கா, கூடாரத் திருநாள் என ஒவ்வொன்றிற்கும் தனிப்பலிகள் உண்டு. அவை கூறப்படுந்தோறும், தாமித் பலி நீங்கலாக இவை கூடுதலாகச் செலுத்தப்பட வேண்டும் என்னும் குறிப்பு பத்துக்கும் மேற்பட்ட முறை திரும்ப வருகின்றது. எத்தனை பெரிய திருநாளாயினும் அது அன்றாடத்தை விலக்க முடியாது. அன்றாடத்தின் மீதே திருநாள் எழுப்பப்படுகின்றது.

இவ்விதி தொடக்கம் முதலே இந்த வடிவில் இருந்தது என்று கொள்வதற்கில்லை. ஆகாஸ் அரசன் காலத்துச் செய்தியாக 2 இராஜாக்கள் 16:15 காலையில் எரிபலியையும் மாலையில் உணவுக் காணிக்கையையும் குறிப்பிடுகின்றது. எசேக்கியேல் 46:13-15 காலைப்பலியை மட்டுமே கூறுவதோடு, மாவின் அளவை ஆறில் ஒன்று எனவும் எண்ணெயின் அளவை மூன்றில் ஒன்று எனவும் வேறாகத் தருகின்றது. நித்தியம் எனப்பட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை இவ்வேறுபாடுகள் உணர்த்துகின்றன. அளவுகளும் வேளைகளும் மாறினும், நாள்தோறும் நிகழவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

மூன்று விளக்கங்கள்

தாமித் பலிக்குக் கூறப்படும் விளக்கங்களுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, இது தெய்வத்திற்கு இடும் உணவு என்பது. எண்ணாகமம் 28:2 இப்பலியை இறைவனின் உணவு என்றே சுட்டுவதால் இவ்விளக்கத்திற்கு மூலத்திலேயே இடமுண்டு. மெசொப்பொத்தேமியக் கோயில்களில் தெய்வ உருவங்களுக்கு முன் நாள்தோறும் உணவு படைக்கப்பட்டது. ஊருக் நகரக் கோயில் நடைமுறையைக் கூறும் செலூக்கியர் காலக் களிமண் பலகையொன்று நாளொன்றுக்கு நான்கு வேளை உணவைக் குறிப்பிடுகின்றது. இவ்வழிபாட்டினைத் தெய்வத்தைப் பேணி உணவூட்டுதல் என ஏ. லியோ ஓப்பன்ஹைம் 1964இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இஸ்ரவேலரின் சொல்வழக்கு இப்பொதுப் பண்பாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், ஐம்பதாம் சங்கீதம் இறைவனுக்குப் பசி உண்டு என்னும் எண்ணத்தையே நேரடியாக மறுக்கின்றது. இப்பலியில் இறைச்சி மேசைமீது வைக்கப்படுவதில்லை. முழுவதும் எரிந்து புகையாகின்றது. ஆகவே, உணவு என்னும் சொல் எஞ்சியிருக்க, ஊட்டுதல் என்னும் செயல் நீங்கியுள்ளது. விருந்தின் மொழியில் உறவு பேசப்படுகின்றது என்பதே பொருத்தமாகும்.

இரண்டாவது, இது பாவ நிவாரணம் என்பது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த யூபிலி நூலிலேயே தாமித் பலி இஸ்ரவேலின் பாவத்திற்கு நிவாரணமாகக் கூறப்பட்டுள்ளமையால் இவ்விளக்கமும் தொன்மையானதே. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் (10:11) குருமார் நாள்தோறும் நின்று அதே பலிகளைச் செலுத்துவதை, ஒரே முறை நிகழ்ந்து நிறைவுற்ற பலியோடு ஒப்பிடுகின்றது. மீண்டும் செய்யப்படுவதே அது பயனற்றது என்பதற்குச் சான்று என்பது அதன் வாதம். இது கிறித்தவ இறையியலுக்குள் தன் இடத்தை உடையது. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அவ்வாதத்தைத் தாமித் சடங்கின் சொந்தப் பொருளாகக் கொள்வதே சிக்கலுக்குரியது. யாத்திராகமம் 29:38-42இலும் எண்ணாகமம் 28:1-8இலும் தாமித் தொடர்பாகப் பாவமோ நிவாரணமோ கூறப்படவில்லை. பாவநிவாரணப் பலிகளைத் தனியே பெயர் சுட்டி விதிக்கும் எண்ணாகமத்தின் அதே அதிகாரம், தாமித்தைப் பற்றி மட்டும் அவ்வாறு கூறாமை தற்செயலாகாது. கடனைத் தீர்ப்பதே நோக்கமெனின் மீண்டும் மீண்டும் செய்வது தோல்வியாகும். உறவைப் பேணுவதே நோக்கமெனின் மீண்டும் செய்யாமையே தோல்வியாகும்.

மூன்றாவது, இது சமய வீழ்ச்சியின் அடையாளம் என்பது. ஜூலியஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட இஸ்ரவேலின் வரலாறு குறித்த நூலில், தொடக்ககாலப் பலி குடும்பமும் ஊரும் கூடி மகிழ்ந்த விருந்தாக இருந்தது என்றும், பிற்காலக் குருமார் சட்டம் அதனை வாழ்வினின்றும் பிரித்து நாட்காட்டிக்கும் விதிக்கும் உட்பட்ட சடங்காக்கியது என்றும் வாதிட்டார். நூலடுக்குகளைக் காலமுறைப்படுத்திய அவருடைய பணி பெரிது. ஆயினும் காலவரிசை ஒன்று, மதிப்பீடு வேறொன்று. பின்னே வந்தது என்பதனால் தாழ்ந்தது என்று ஆகிவிடாது.

இம்மூன்று விளக்கங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இவை பலியை ஒரு தனி நிகழ்வாகவே காண்கின்றன. 1899இல் ஆன்ரி யூபேரும் மார்செல் மோசும் பலியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையையும் இங்கு நினைவுகூரலாம். வேத வேள்வி நூல்களையும் எபிரேய நூல்களையும் அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரை, புனிதத்துள் நுழைதல், உச்சம், வெளியேறுதல் என்னும் வரைவினைத் தந்தது. இடையிடையே நிகழும் பலிகளுக்கு அது நன்கு பொருந்தும். ஆனால் நாளை மீண்டும் நிகழும் என்னும் உறுதியோடு இன்று செய்யப்படும் செயலை அவ்வரைவு முழுமையாக விளக்குவதில்லை. வேத மரபிலேயே நித்தியம், நைமித்திகம், காமியம் என்னும் பாகுபாடு உண்டு. காலையும் மாலையும் தீயில் பால் சொரியும் அக்கினிகோத்திரம் நித்திய வகையைச் சார்ந்தது; பயன் கருதிச் செய்யப்படும் காமியத்தோடு அதனை மீமாம்சையார் ஒன்றாக்குவதில்லை. தாமித் பலியை விளக்க இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது.

யாருடைய பலி?

ஜானதன் க்ளாவன்ஸ் 2005இல் வெளியிட்ட நூலில், அன்றாடப் பலியின் நோக்கம் இறைவனின் உடனிருப்பை ஈர்த்து நிலைநிறுத்துவது என்று கூறினார். யாத்திராகமம் 29:42-45 இக்கருத்தை வலுவாகத் தாங்குகின்றது. பலி விதிக்கப்பட்ட உடனேயே, அவ்விடத்தில் மக்களைச் சந்திப்பதாகவும் அவர்கள் நடுவே தங்குவதாகவும் இறைவன் வாக்களிப்பதாக அப்பகுதி அமைந்துள்ளது. ஆயினும் சந்திப்புக்கு இருதரப்பு வேண்டும். இறைவனின் உடனிருப்பைப் பேசுவோர், மக்களின் உடனிருப்பையும் பேசுதல் வேண்டும். தாமித் பலியின் தனிச்சிறப்பு இங்கேயே வெளிப்படுகின்றது.

இப்பலிக்கான செலவை ஏற்றவர் யார் என்னும் வினாவிலிருந்து தொடங்கலாம். 2 நாளாகமம் 31:3 எசேக்கியா அரசன் தன் உடைமையிலிருந்து காலை மாலைப் பலிகளுக்குக் கொடுத்ததாகக் கூறுகின்றது. நெகேமியா 10:32-33இல் மக்கள் தாமே ஆண்டுதோறும் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு தர உறுதியேற்கின்றனர். பின்னர் அரைச் சேக்கல் ஆண்டு வரியாக நிலைபெற்றது. செல்வர் அதிகம் தரலாகாது, வறியவர் குறைத்துத் தரலாகாது என்பது அரைச் சேக்கல் பற்றிய யாத்திராகம விதி (30:15). அரசனின் கொடையாக இருந்தது ஊரார் அனைவரின் சமபங்காக மாறியதனை வீழ்ச்சி என்பது எங்ஙனம் பொருந்தும்?

பரிசேய மரபினர்க்கும் சதுசேயர் சார்ந்த தரப்பினர்க்கும் இடையே இதுபற்றி ஒரு வழக்கு நிகழ்ந்ததாக யூத மரபு கூறுகின்றது. தனியொருவர் தம் சொந்தச் செலவில் தாமித் பலியை வழங்கலாம் என்றது ஒரு தரப்பு. அது பொதுநிதியிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்றனர் எதிர்த்தரப்பினர். வெளித்தோற்றத்தில் கணக்கு வழக்காகத் தோன்றும் இது, உண்மையில் பொருள்பற்றிய வழக்காகும். செல்வர் ஒருவர் வழங்கும்பொழுது அது அவருடைய புண்ணியமாகின்றது. அரைச் சேக்கலில் வாங்கும்பொழுது அது யாருடையதும் அன்று, எல்லாருடையதுமாகும்.

ஆட்டுக்குட்டி எல்லாருடையதாயின் அதன் அருகே எல்லாரும் நிற்றல் வேண்டும். அது இயலாமையால் 'மாஅமத்' என்னும் ஏற்பாடு உருவானதாக மிஷ்னா (தானித் 4:2) விளக்குகின்றது. குருமார் 24 பிரிவுகளாக முறைவைத்துப் பணிபுரிந்ததற்கு ஏற்ப, பொதுமக்களின் பிரதிநிதிகளும் முறைவைத்துப் பலியின் அருகே நின்றனர். எருசலேமுக்குச் செல்லாதவர் தத்தம் ஊரில் கூடி ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை வாசித்தனர். நாள்தோறும் நிகழும் பலிக்கு அவர்கள் தேர்ந்த வாசகம் பாவத்தைப் பற்றியதன்று. ஒளி தோன்றி, மாலையும் விடியலும் முறையாக அமைந்ததைப் பற்றியது.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் தாமித் பகுதி இப்பணியின் படிமுறையை நிரல்படக் கூறுகின்றது. விடியுமுன் சீட்டுப்போட்டுப் பணிகள் பகிரப்பட்டன. ஒளி எபிரோன்வரை பரவியதா என்று பார்த்தறிந்த பின்னரே பலி தொடங்கியது. இடையே பத்துக் கட்டளைகளும் இறைவேண்டலும் ஓதப்பட்டன. தூபம், குருமாரின் ஆசி, லேவியரின் பாடல் என்பன தொடர்ந்தன. பலிபீடத்துச் சாம்பலை அகற்றும் பணிக்குத் தொடக்கத்தில் சீட்டு இல்லை. சாய்தளத்தில் முந்தி ஓடுபவர் அதனைப் பெற்றார். ஒருமுறை ஒருவர் தள்ளப்பட்டுக் கால் முறிந்ததால் அதற்கும் சீட்டு வந்தது என்று யோமா 2:2 கூறுகின்றது. சாம்பல் அள்ளும் வேலைக்காக ஓடிப் போட்டியிட்டோரின் வழிபாட்டை உயிரற்ற சடங்கு என்று எளிதாகக் கூறிவிட முடியாது.

இப்பொதுமைக்கும் எல்லை இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. பலிபீடப் பணி பிறப்பால் குருகுலத்தைச் சார்ந்த ஆடவர்க்கே உரியது. அரைச் சேக்கல் பெண்கள், அடிமைகள், சிறுவர் ஆகியோரிடம் கட்டாயமாகப் பெறப்படவில்லை. அவர்களே முன்வந்து தந்தால் ஏற்கப்பட்டது. பிற இனத்தார் தந்தால் ஏற்கப்படவில்லை. எல்லாருடைய பலி என்னும் கொள்கை, எல்லார் என்பதன் வரையறையைத் தன் காலத்திலிருந்தே பெற்றது.

நின்றுபோன நாள்

ஒன்றின் பொருள் அது இல்லாதபோது தெளிவாகத் தெரிவதுண்டு. கி.மு. 586இல் ஆலயம் அழிந்தபின், சிறையிருப்பிலிருந்து மீண்டோர் முதலில் பலிபீடத்தை அமைத்து, காலை மாலைப் பலிகளைத் தொடங்கினர். ஆலயத்தின் அடித்தளம் அப்போது இடப்படவில்லை (எஸ்றா 3:3-6). கட்டடத்தினும் அன்றாடம் முந்தியது.

கி.மு. 167இல் நான்காம் அந்தியோக்கஸ் ஆலய வழிபாட்டைத் தடைசெய்து, கி.மு. 164இல் அது மீளும்வரை தாமித் இல்லை. அந்நெருக்கடியைப் பின்னணியாகக் கொண்ட தானியேல் நூலின் பிற்பகுதியில், தாமித் என்னும் அடைச்சொல்லே பெயர்ச்சொல்லாகி ஐந்து இடங்களில் தனித்து வருகின்றது. பலி என்னும் சொல் மூலத்தில் இல்லை; மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. பறிபோனது 'அந்த அன்றாடம்' என்றே மூலம் சொல்கின்றது. அந்நூல் துன்பக் காலத்தை 2,300 மாலை-காலைகள் என்று கணக்கிடுகின்றது. இதனை 1,150 நாள்களில் தவறிய பலிகளின் எண்ணிக்கையாகக் கொள்ளும் உரையாசிரியர் பலர். நிகழாத பலிகளைக்கொண்டே காலம் அளக்கப்பட்டது.

கி.பி. 70இல் உரோமர் எருசலேமை முற்றுகையிட்டபோது தாமித் இறுதியாக நின்றது. அந்நாளைத் தம்மூஸ் மாதம் 17 என மிஷ்னா குறிக்கின்றது. வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், ஆள் இன்மையால் அது நின்றது என்றும் மக்கள் அதனால் பெரிதும் மனம் தளர்ந்தனர் என்றும் எழுதுகின்றார். ஆள், ஆட்டுக்குட்டி ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் எழுத்தமைப்பில் மிகவும் ஒத்திருப்பதால், ஆட்டுக்குட்டி இன்மையால் என்பதே சரியான பாடம் என்று கருதும் அறிஞரும் உளர். சுவடிப் பாடத்தை அவ்வாறு திருத்தாமலே பொருள் கொள்ள இயலும். நிற்பதற்கு மனிதர் இல்லாதபோது அருகே நிற்றலையே உயிராகக் கொண்ட பலி நின்றது என்பது, இதுவரை கண்டவற்றோடு நன்கு இயைகின்றது.

பின்னர் யூத மரபு காலை மாலை வேண்டுதல்களைத் தாமித் பலிகளுக்கு ஈடாக விளக்கியது (தல்மூத், பெராக்கோத் 26ஆ). பிற்பகல் வேண்டுதல் இன்றும் 'மின்ஹா' என்னும் காணிக்கையின் பெயராலேயே வழங்குகின்றது. ஆட்டுக்குட்டியும் மாவும் மதுவும் நீங்கியபின் எஞ்சியவை வேளையும் தவறாமையும் கூடிநிற்றலுமே. எவை எஞ்சினவோ அவையே சடங்கின் உயிர்நாடி என்று கொள்ள இடமுண்டு.

முடிவுரை

தாமித் பலி தெய்வத்தின் பசியைத் தீர்க்கவோ ஒரு கடனைத் தீர்க்கவோ மட்டும் செலுத்தப்பட்டதன்று. தனிக் காரணம் எதுவும் இல்லாத நாளிலும் உறவு உண்டு என்பதை ஒரு சமூகம் தன் பொதுப்பணத்தாலும் உடனிருப்பாலும் நாளுக்கு இருமுறை உறுதிசெய்த செயல் அது. உள்ளன்பற்ற சடங்கைக் கண்டித்த தீர்க்கதரிசிகளின் குரலும் அம்மரபிலேயே எழுந்தது. ஆமோசும் ஏசாயாவும் கடிந்தது நீதியற்றோர் செலுத்திய பலியை. அக்கண்டனத்தை நாள்தவறாமையின் மீதான கண்டனமாக விரித்தது பிற்கால வாசிப்பே.

சடங்குகளை ஆராயும் நம் மாணவர்க்கு இதிலிருந்து ஒரு முறையியல் பயன் உண்டு. ஒரு வழிபாடு திரும்பத் திரும்பச் செய்யப்படுகின்றது என்பதை அதன் குறையாகக் கொள்வதற்கு முன், அது யாருடைய செலவில், யார் உடன்நிற்க நிகழ்கின்றது என்றும், நின்றுபோனால் எவருக்கு எது இல்லாது போகின்றது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கண்டபின் கூறப்படும் மதிப்பீடே ஆய்வு முடிவாகக் கொள்ளத்தக்கதாகும்.